ஆறேகால் நிமிடப் படகுகள்

கப்பல் போக்குவரத்தைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது, அதாவது சிமுலேஷன், பற்றிய எழுத்துகளில் பெரும்பகுதி நெரிசலான நீர்ப்பரப்புகளில் பிறந்தது. டோவர் நீரிணை, சிங்கப்பூர் நீரிணை, டோக்கியோ விரிகுடா ஆகியவையே அவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. எந்தக் கப்பல் எந்தக் கப்பலை எத்தனை முறை நெருங்கும் என்பதே அங்கே கேள்வி. அந்தக் கேள்வியை அப்படியே தூக்கிக்கொண்டு காவிரிப் படுகையின் கடலோரத்துக்கு வந்தால், கையில் எதுவும் மிஞ்சாது.

காரைக்கால் துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாகூருக்கு வடக்கே, வாஞ்சூர்க் கரையில், 2009-இல் செயல்படத் தொடங்கிய துறைமுகம் அது. அங்கே இறங்கும் சரக்கில் நிலக்கரிக்குப் பெரும்பங்கு உண்டு. ஆண்டுக்கு 2.15 கோடி டன் கையாளும் திறன் அதற்கு உண்டு என்று சொல்லப்படுகிறது. அந்தத் திறன் முழுவதும் பயன்படுவதாகவும், ஒவ்வொரு கப்பலும் 70,000 டன் சுமந்து வருவதாகவும் வைத்துக்கொண்டால்கூட, ஆண்டுக்கு 307 கப்பல்கள்தான் வரும். நாளொன்றுக்கு ஒரு கப்பல்கூட முழுதாக இல்லை. வருவதும் போவதும் சேர்த்து இரண்டுக்கும் குறைவான நகர்வுகள். இவை எந்த ஒழுங்கும் இல்லாமல் வந்து போகின்றன என்று கருதிச் சிமுலேஷனை ஓட்டினால், கப்பலும் கப்பலும் நெருங்கும் சந்திப்புகள் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். திரை அழகாக இருக்கும்; அதிலிருந்து யாருக்கும் எந்த முடிவும் கிடைக்காது.

ஆனால் "எந்த ஒழுங்கும் இல்லாமல்" என்ற அந்த எடுகோளிலேயே கோளாறு இருக்கிறது. சிறிய துறைமுகத்தில் ஒரு கப்பல் உள்ளே வருவதற்குக் காரணமே, பெரும்பாலும், இன்னொரு கப்பல் சரக்கிறக்கும் தளத்தைக் காலி செய்து வெளியே போவதுதான். ஆகவே வருகையும் புறப்பாடும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. நாளில் இரண்டே நகர்வுகள் இருந்தாலும் அவ்விரண்டும் அடுத்தடுத்தே நிகழக்கூடும். 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூரில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே மோதிக்கொண்டவையும் இரண்டே கப்பல்கள்தாம். எரிவாயுக் கப்பலான பி.டபிள்யூ. மேப்பிள் வெளியே வந்துகொண்டிருந்தது. எண்ணெய்க் கப்பலான டான் காஞ்சிபுரம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அந்த விபத்தில் கசிந்த எண்ணெய் சென்னைக் கடற்கரைகளைக் கறுப்பாக்கியது. அந்த விபத்தின் காரணம் என்ன என்பது வேறு விவாதம். ஒன்று வெளியேறும் வேளையும் மற்றொன்று நுழையும் வேளையும் எப்படிப் பொருந்துகின்றன என்பதைக் கவனிக்காத எந்தச் சிமுலேஷனும் இத்தகைய நிகழ்வை நூறாண்டுக்கு ஒருமுறை என்று தள்ளிவைத்துவிடும் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இதே கட்டுண்ட தன்மை இன்னும் பெரிய அளவில் இருப்பது கப்பலுக்கும் மீன்பிடிப் படகுக்கும் இடையில். காரைக்கால் துறைமுகத்துக்கு வடக்கே அரசலாற்று முகத்துவாரத்தில் மீன்பிடித் துறைமுகம். தெற்கே நாகப்பட்டினத்தில் கடுவையாற்று முகத்துவாரத்தில் அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் படகுகள். நடுவே திருமலைராயன்பட்டினம், நாகூர் ஃபைபர் படகுகள். இவையெல்லாம் பத்துக் கடல் மைலுக்குள் அடங்கிவிடும். கப்பல் கிழக்கிலிருந்து மேற்கே வருகிறது; கரையோரமாகப் போகும் படகுகள் வடக்கு தெற்காக அதன் பாதையை வெட்டுகின்றன. ஆகவே இந்தக் கடலில் சிமுலேஷன் செய்ய வேண்டுமானால் செய்ய வேண்டியது இந்த வெட்டைத்தான்.

கணக்கு கடினமானதல்ல. கப்பல் 8 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் மேற்கே வருகிறது, படகு 6 நாட் வேகத்தில் தெற்கே போகிறது என்று கொள்வோம். செங்குத்தாக வெட்டுவதால் ஒன்றுக்கொன்று சார்பான வேகம் 10 நாட். பாதைகள் வெட்டும் புள்ளியை இரண்டும் ஒரே கணத்தில் அடைந்தால் மோதல். ஒரு நிமிட இடைவெளி இருந்தால், அவை மிக அருகில் வரும்போது இருக்கும் தொலைவு, அதாவது மாலுமிகள் சிபிஏ என்று சொல்வது, சுமார் 148 மீட்டர். இரண்டு வேகங்களின் பெருக்கலைச் சார்பு வேகத்தால் வகுத்தால் இந்த எண் கிடைத்துவிடும். கால் கடல் மைலுக்குள் வருவதை மட்டும் "சந்திப்பு" என்று எண்ணுவதாக வைத்துக்கொண்டால், கப்பலுக்கு முன்னும் பின்னுமாகச் சேர்த்து 6¼ நிமிடம் அகலமான ஒரு காலச் சாளரம் கிடைக்கிறது. ஒவ்வொரு கப்பலும் சந்திப்பது, அந்தப் புள்ளியை ஆறேகால் நிமிடத்தில் எத்தனை படகுகள் கடக்கின்றனவோ அத்தனையை. இவ்வளவுதான் சூத்திரம். பெரிய மென்பொருள்கள் செய்வதும் அடிப்படையில் இதையேதான், கோணங்களையும் அகலங்களையும் கூட்டிக்கொண்டு.

இப்போது ஒரு கற்பனை நாளை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளில் 240 படகுகள் அந்தப் பாதையைக் கடக்கின்றன. அவை நாள் முழுக்கச் சீராகக் கடந்தால் மணிக்கு 10 படகு. ஒரு கப்பலுக்குச் சராசரியாக 1.04 சந்திப்பு. அதே 240 படகுகளில் 180 படகுகள் காலை மூன்று மணி நேரத்துக்குள் திரும்புவதாகவும், மீதி 60 படகுகள் எஞ்சிய 21 மணி நேரத்தில் பரவிக் கிடப்பதாகவும் கொள்வோம். அந்த மூன்று மணி நேரத்துக்குள் வரும் கப்பலுக்கு 6.25 சந்திப்புகள், மற்ற நேரத்தில் வரும் கப்பலுக்கு 0.3. கப்பல் எந்த நேரத்திலும் வரலாம் என்று இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் மறுபடியும் அதே 1.04 வந்து நிற்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான அறிக்கைகள் இந்த 1.04-ஐ எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகின்றன. நாகூருக்குப் போகும் பேருந்தில் ஆண்டு முழுவதற்குமான சராசரிப் பயணிகளின் எண்ணிக்கையைக் கொண்டு கந்தூரி நாளுக்குப் பேருந்து ஏற்பாடு செய்வது போன்றது அது. சீரான நாளில் மூன்றில் ஒரு கப்பல் ஒரு படகையும் நெருங்காமல் போய்விடும். கூட்டமாகப் படகு வரும் நாளில், அமைதியான நேரத்தில் வரும் கப்பல்களில் நான்கில் மூன்று எதையும் சந்திக்காது. காலை நேரத்துக் கப்பல்களில் ஆயிரத்தில் இரண்டு மட்டுமே அப்படித் தப்பும். சராசரி மாறவில்லை, ஆனால் ஒரே கப்பல் ஒரே நேரத்தில் ஆறு படகுகளைக் கவனிக்க வேண்டிய நிலை, சீரான கணக்கில் ஏறக்குறைய இல்லாத ஒன்று, இங்கே காலை நேரத்தில் வழக்கமான நிகழ்ச்சியாகிவிடுகிறது. ஒரு படகுக்காக வலப்புறம் திருப்பினால் அடுத்த படகின் மேல் போக வேண்டியிருக்கும் என்னும்போது, இரண்டிரண்டாகச் சிபிஏ பார்க்கும் முறையே பொருளிழந்து போகிறது.

இன்னொன்றும் உண்டு. கப்பல் எந்த நேரத்திலும் வரும் என்ற எடுகோளை விட்டுவிட்டு, கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தும் பைலட் அதில் ஏறும் நேரம் விடிந்தவுடன் உள்ள முதல் மணிகளுக்கு ஒதுக்கப்படுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது சராசரியே 1.04-இலிருந்து 6.25-ஐ நோக்கி ஏறும். கப்பலும் கூடவில்லை, படகும் கூடவில்லை. இரண்டின் நேரங்களும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன, அவ்வளவே.

படகுகள் ஏன் கூட்டமாக வருகின்றன என்பதற்கு விடை கடலில் இல்லை, கரையில் இருக்கிறது. விசைப்படகு ஓட்டிப் பல ஆண்டு அனுபவம் உள்ள என் மாமாவிடம், "கப்பல் வர்றது தெரியுதுல்ல மாமா, அது போற வரைக்கும் கொஞ்சம் நின்னு வரலாமே?" என்று கேட்டேன். "கப்பலப் பாத்தா வர்றோம் மாப்ள? ஏலத்தப் பாத்துல்ல வர்றோம். நிக்கிற நேரத்துக்கு ஐஸ் கரையும், டீசல் எரியும், முன்னால போனவன் வெலயத் தட்டிட்டுப் போயிருவான்" என்றார். பின்னிரவில் கிளம்பிக் காலையில் திரும்பும் ஃபைபர் படகுக்கு முதல் ஏலம்தான் அன்றைய கூலி. ஆகவே ஒரு படகின் வேகத்தையும் திசையையும் மட்டும் வைத்து அது பத்து நிமிடம் கழித்து எங்கே இருக்கும் என்று கணிப்பதைவிட, மணி எத்தனை, அது எந்த ஊர்ப் படகு, ஏலம் எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் வைத்துக் கணிப்பது மேலானது என்பது என் கருத்து.

இந்தக் கூட்டத்தன்மைக்கு நாள் அளவிலும் ஒழுங்கு உண்டு. மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று பலமாக வீசும் நாளில் மதியத்துக்குள் கரை சேரப் பார்ப்பார்கள். வடகிழக்குப் பருவத்தில் நாகப்பட்டினத்திலும் காரைக்காலிலும் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் கடல் வெறிச்சோடிக் கிடக்கும். கூண்டு இறங்கியதும், பல நாள் அடைபட்டுக் கிடந்த படகுகள் ஒரே இரவில் கிளம்பும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் இல்லாத கடல், ஜூன் 15 அன்று ஒரே மூச்சில் நிறைந்துவிடும். ஆண்டுச் சராசரியிலிருந்து வருகை வீதத்தை எடுத்து, அதைப் பாய்சான் பரவலில் (ஒன்றோடொன்று தொடர்பில்லாமல், மாறாத சராசரி வீதத்தில் வருவதாகக் கொள்ளும் கணக்கில்) போட்டு ஓட்டும் சிமுலேஷனில் இந்த மூன்று நாள்களுக்கும் இடமே இல்லை. எனக்கு அந்த மூன்று நாள்கள்தாம் வேண்டும்.

தரவுக்கு வருவோம். கப்பல்களின் நகர்வை அறிய ஏஐஎஸ் இருக்கிறது; கப்பல் தன் இடத்தையும் வேகத்தையும் தானாகவே வானொலி வழியே அறிவிக்கும் கருவி அது. பன்னாட்டுப் பயணம் செய்யும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களும், அளவு பாராமல் எல்லாப் பயணிகள் கப்பல்களும் அதைப் பொருத்தியிருக்க வேண்டும். ஓடும் கப்பல் வேகத்துக்கேற்ப 2 முதல் 10 நொடிக்கு ஒருமுறை தன் இடத்தை அறிவிக்கும். நங்கூரமிட்ட கப்பல் 3 நிமிடத்துக்கு ஒருமுறை. சிறு கலங்களுக்கான பி வகைக் கருவி பொதுவாக 30 நொடிக்கு ஒருமுறைதான் பேசும். 10 நாட் வேகத்தில் அந்த இடைவெளியில் ஒரு படகு 150 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். நம் ஃபைபர் படகுகளிலோ அந்தக் கருவியும் கிடையாது. இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் உருவான செயற்கைக்கோள் வழித் தொடர்புக் கருவிகளை ஒரு லட்சம் மீன்பிடிக் கலங்களில் பொருத்தும் திட்டம் 2024-இல் தொடங்கப்பட்டது. அது மீனவரின் பாதுகாப்புக்கும் தகவல் பரிமாற்றத்துக்கும் உதவும், ஆனால் நொடிக்கு நொடி இடம் சொல்லும் கருவியாக அதைக் கருத முடியாது. ஏஐஎஸ் தரவை மட்டும் கொண்டு வரையப்படும் வண்ண வண்ண அடர்த்திப் படங்களில் நம் கடல் நீலமாக, காலியாகத் தெரிவதன் காரணம் இதுதான். அந்தப் படங்களின் மேல் எனக்கு மரியாதை கிடையாது. முகத்துவாரத்தில் ஒருவர் உட்கார்ந்து, அரை மணிக்கு எத்தனை படகு உள்ளே வந்தது என்று கோடு போட்டு எண்ணிய நோட்டுப் புத்தகம் அதைவிட மதிப்புள்ளது. ஆற்று வாய் குறுகலாக இருப்பது இந்த ஒரு விஷயத்தில் நமக்கு வசதி: அந்தத் துறைக்குத் திரும்பும் எல்லாப் படகும் அந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

படகை ஒரு புள்ளியாக வைப்பதிலும் சிக்கல் இருக்கிறது. 1971-இல் ஜப்பானியரான ஃபுஜி, ஒவ்வொரு கப்பலும் தன்னைச் சுற்றி ஒரு நீள்வட்டப் பரப்பை மற்றவர் நுழையாதபடி வைத்துக்கொள்கிறது என்று அளந்து காட்டினார். நீளவாட்டில் கப்பலின் நீளத்தைப்போல எட்டு மடங்கு, குறுக்கே மூன்று மடங்குக்குச் சற்று மேல். பின்னால் வந்த ஆய்வுகள் அந்த வடிவத்தைப் பலவாறு திருத்தின. ஆனால் இழுவை வலை போட்டு 3 நாட் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும் விசைப்படகின் பரப்பு அதன் உடலைச் சுற்றி இல்லை. பின்னால், கம்பிவடமும் மடியும் கிடக்கும் திசையில், சில நூறு மீட்டருக்கு நீள்கிறது. செவுள் வலை விரித்திருக்கும் ஃபைபர் படகோ ஏறக்குறைய அசையாமல் நிற்கும். அதன் வலை கொடிக்கம்பு மிதவைகளோடு கிலோமீட்டர் கணக்கில் ஓடும். அந்த வலையைக் கப்பல் கடந்து போனால் யாரும் அதை மோதல் என்று பதிவதில்லை. வலைக்காரருக்கு அது மோதலுக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. எனவே என் சிமுலேஷனில் படகு ஒரு பொருள், வலை தனியாக இன்னொரு பொருள்.

விதிகளும் இதே படகை இரண்டாகப் பார்க்கின்றன. 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டு மோதல் தவிர்ப்பு விதிகளின்படி, மீன்பிடிப்பில் ஈடுபட்டிருக்கும் கலத்துக்கு இயந்திரக் கப்பல் விலகி வழிவிட வேண்டும் (விதி 18). ஆனால் அது வலை போட்டுக்கொண்டிருக்கும் வரைதான். வலையை ஏற்றிக்கொண்டு கரைக்குத் திரும்பும் அதே படகு சாதாரண இயந்திரக் கலமாகிவிடுகிறது. அப்போது குறுக்கே வெட்டும் இருவரில் எவர் மற்றவரைத் தம் வலப்புறத்தில் காண்கிறாரோ அவர் விலக வேண்டும் (விதி 15). குறுகிய கால்வாய்க்குள் வந்துவிட்டாலோ, 20 மீட்டருக்குக் குறைந்த கலமும் மீன்பிடிக்கும் கலமும் அங்கே மட்டுமே பாதுகாப்பாகப் போகக்கூடிய பெரிய கப்பலுக்கு இடையூறு செய்யக் கூடாது (விதி 9). மேற்கே வரும் கப்பலும் தெற்கே போகும் படகும் என்ற நம் உதாரணத்தில், படகு கப்பலின் வலப்புறத்தில் இருக்கிறது. ஆகவே திறந்த கடலில் விலக வேண்டியது கப்பல், கால்வாய்க்குள் வழிவிட வேண்டியது படகு. வடக்கே போகும் படகுக்கு இது வேறு விதமாகும். ஆக, ஒவ்வொரு படகுக்கும் "வலை உள்ளே, வலை வெளியே, ஓட்டத்தில்" என்று ஒரு நிலையைக் குறித்து வைக்காமல் எந்த விதியையும் நிரலில் எழுத முடியாது.

நகர்வின் இயற்பியலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெரிய கப்பலின் திரும்பல் சோம்பலைக் காட்ட 1957-இல் நொமோட்டோ தந்த எளிய சமன்பாடு போதும். கால அடியை மட்டும் கவனிக்க வேண்டும்: 10 நாட் சார்பு வேகத்தில் 10 நொடிக்கு ஒருமுறை கணக்கிட்டால் ஒவ்வோர் அடிக்கும் 51 மீட்டர் தாண்டிவிடும், 15 மீட்டர் படகு ஒன்று கப்பலின் முகப்பைக் கடந்ததே கணினிக்குத் தெரியாமல் போகலாம். ஒரு நொடி அடி வைத்துக்கொள்வது நல்லது.

இனி, சந்திப்பு எண்ணிக்கையும் ஆபத்தும் ஒன்றல்ல என்பதைக் காட்டும் ஒரு வேடிக்கையான விளைவு. ஆபத்தைக் குறைக்கக் கப்பலின் வேகத்தை 8 நாட்டிலிருந்து 4 நாட்டாகக் குறைக்கச் சொல்வோம். ஆறேகால் நிமிடச் சாளரம் 9 நிமிடமாக விரிகிறது, சந்திப்புகள் கூடுகின்றன! மெதுவாகப் போகும் கப்பல் அந்தக் கடல் பரப்பில் அதிக நேரம் கிடப்பதுதான் காரணம். ஆனால் ஒவ்வொரு சந்திப்பிலும் யோசிக்கவும் விலகவும் கிடைக்கும் நேரமும் கூடுகிறது. சந்திப்பை மட்டும் எண்ணும் சிமுலேஷன் இதைக் கண்டு "வேகமாகப் போங்கள்" என்று அறிவுரை சொல்லும்.

சந்திப்பிலிருந்து மோதலுக்குப் போக, ஆய்வாளர்கள் ஓர் எண்ணால் பெருக்குகிறார்கள்: மோதும் வழியில் இருக்கும் இருவரும் விலகாமல் போவதற்கான நிகழ்தகவு. வாயு மூலக்கூறுகள் மோதும் கணக்கைக் கப்பல்களுக்குப் பொருத்திப் பார்த்த மக்டஃப் 1974-இல் டோவர் நீரிணைக்கு இதைச் செய்தார். ஃபுஜியும் ஜப்பானிய நீரிணைகளில் செய்தார். பன்னாட்டுக் கலங்கரை விளக்க அமைப்பு பரிந்துரைக்கும் மென்பொருளில் குறுக்கு வெட்டுக்கு இயல்பாக வைத்திருக்கும் மதிப்பு பத்தாயிரத்தில் 1.3. அந்த எண் பயிற்சி பெற்ற அதிகாரிகள் ராடாரோடு நிற்கும் இரண்டு கப்பல்களிலிருந்து பிறந்தது. இரவெல்லாம் விழித்திருந்து, மேல்தளத்தில் மீனைப் பிரித்துக்கொண்டே திரும்பும் நான்கு பேர் உள்ள ஃபைபர் படகுக்கு அது பொருந்தும் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஆகவே "ஆண்டுக்கு இத்தனை மோதல்" என்று வெளிவரும் எந்த எண்ணையும் நான் எடுத்துக்கொள்வதில்லை. ஓர் ஏற்பாட்டை இன்னோர் ஏற்பாட்டோடு ஒப்பிடும்போது அந்தப் பெருக்கெண் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருப்பதால் அடிபட்டுப் போகிறது. ஒப்பீடு மட்டும் நிற்கிறது.

அப்படி ஒப்பிடத்தக்க ஓர் ஏற்பாடு: படகுகள் திரும்பும் மூன்று மணி நேரத்தில் வரும் கப்பலை வெளி நங்கூரப் பரப்பிலேயே நிறுத்திவைத்து, கூட்டம் கரை சேர்ந்தபின் பைலட்டை அனுப்புவது. நம் கற்பனை நாளில் எட்டில் ஒரு கப்பல்தான் அந்த நேரத்தில் வந்து மாட்டும். மாட்டியது சராசரியாக ஒன்றரை மணி நேரம் காத்திருக்கும். எல்லாக் கப்பல்களுக்கும் பங்கிட்டால் தலைக்குப் பதினோரு நிமிடம். அதற்கு ஈடாகச் சந்திப்பு 1.04-இலிருந்து 0.3-க்கு இறங்குகிறது. துறைமுகச் செலவுக் கணக்கில் பதினோரு நிமிடம் என்பது தளத்தில் ஒரு மழை பெய்தால் போகும் நேரம்.

இந்த ஏற்பாடு ஓடுவதற்குத் தேவைப்படுவது அதிகக் கணினித் திறனல்ல. அன்றைய மூன்று மணி நேரம் எது என்ற செய்தி. அது ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும் ஏலக்காரர்களுக்கும் முதல் நாள் மாலையே தெரியும், காற்றைப் பொறுத்து ஒரு மணி நேரம் முன்பின்னாக. அந்த ஒரு மணி நேரப் பிசகைச் சிமுலேஷனில் சேர்த்தால், மூன்று மணி நேரத் தடையை நான்கரை மணி நேரமாக நீட்டினாலே பழைய பயன் கிடைக்கிறது. அதற்கு மேல் நீட்டுவதில் கப்பலின் காத்திருப்பு கூடுகிறதே தவிரச் சந்திப்பு பெரிதாகக் குறைவதில்லை. ஜூன் 15-க்கும் கூண்டு இறங்கிய மறுநாளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அந்த நாள்களில் சாளரம் என்று ஒன்று இல்லை, படகுகள் நள்ளிரவிலிருந்தே போய்க்கொண்டிருக்கும். அன்று முழுக்கக் கப்பல் வெளியே நிற்பதே சரி, சரக்குக்காரர் ஒரு நாள் வாடகையைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.